அம்மா குதிரை ஏறிய கதை

தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவனுக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் பக்கம் ஆற்றங்கரையை விட்டால் உயரமான இடம் வைக்கோல் போர்தான். (சுவாமிமலை இருக்கிறதே என்பீர்கள். அது ஆட்கள் கட்டிய மலை, கணக்கில் வராது.) ஆகவே நான் முதன்முதலாக மலைக்குப் போனதை யாரும் வீரக்கதையாக எதிர்பார்க்க வேண்டாம். மலைமேல் இருந்தது ஒரு பகல். நடந்து ஏறியது ஓரடி இல்லை. வாங்கியது ஓர் அறை.

கழக ஆட்சி வந்த புதிது. திருவாரூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அறுவடைக் கூலிக்காகச் சண்டை. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார். எங்கள் தெரு ஆட்கள் வரப்பில் மறித்தார்கள். கைகலப்பில் ஒருவருக்கு மண்டை உடைந்தது. உடைத்தது யாரென்று தெரியாததால், முன்னால் நின்று பேசிய என் தாய்மாமன்மீது வழக்குப் போட்டார்கள். மாமா அன்றே ஊரைவிட்டுப் போய்விட்டார். அவர் அகப்படாத கோபத்தில் போலீஸ் என் அப்பாவை அழைத்துப் போனது. திரும்பி வந்த அப்பாவால் அதன்பிறகு குனிந்து நாற்றுப் பறிக்க முடியவில்லை.

சில மாதம் கழித்து, உருளைக்கிழங்கு லாரிக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். மாமா கொடைக்கானலில் இருக்கிறாராம். அக்காவைப் பார்க்க வேண்டுமாம். சந்தை நாளில் ஏரிக்கரைக்கு வரவேண்டுமாம்.

அம்மாவுக்குத் துணை நான். தெருவிலேயே முதல் பி.யூ.சி. என்பதால் உலகம் தெரிந்தவன் என்று பெயர். யார் கேட்டாலும் சுற்றுலா வந்திருக்கிறோம் என்று சொல்வதாகத் திட்டம் போட்ட மேதாவியும் நானே. (அம்மா கையில் தூக்குவாளி நிறையக் கருவாட்டுக் குழம்பு. சுற்றுலாப் பயணிகளின் மணம் பஸ் முழுக்க வீசியது.)

வத்தலகுண்டில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஒரு போலீஸ்காரர். அந்தக் காலத்துக் காக்கி அரைக்கால் சட்டை. மூன்றாவது வளைவில் என் வயிறு புரண்டது. நான்காவது வளைவில் அவருடைய வெறும் முழங்கால்மேல் வாந்தி எடுத்தேன்.

அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

"மோந்து பாருப்பா, சரியாயிரும். எந்த ஊரு நீங்க?"

"திருவாரூர் பக்கங்க."

"அங்கதான அடிதடி?"

அம்மா என் தொடையைக் கிள்ளினார். "நாங்க சும்மா மலை பாக்க வந்தோங்க. எங்க ஊர்ல மலை இல்லீங்க" என்றேன். அதில் பின்பாதி மட்டுந்தான் உண்மை.

"அப்படியா! எனக்கு டூட்டி சாயங்காலந்தான். நானே சுத்திக் காட்டுறேன், வாங்க."

அது அன்பா, சந்தேகமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முன்னே நடக்க, கைதிகளைப்போல நாங்கள் பின்னே போனோம். பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில் ஒரே பனிமூட்டம். "என்ன அழகு பாத்தீங்களா?" என்றார். ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பார்த்து "ஆமாங்க" என்றோம். எனக்குப் பல் தந்தியடித்தது. அம்மா மட்டும் குழம்புத் தூக்கை மாரோடு அணைத்தபடி, "ஏரி எப்பங்க பாக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஏரிக்கரையில் வாடகைக் குதிரைகள் நின்றன. திடீரென்று அம்மா சொன்னார்: "ஐயா, நான் குதிரை ஏறணும்."

சைக்கிள் கேரியரில்கூட உட்காராத அம்மா! பசியும் குளிரும் சேர்ந்து புத்தியைக் கலக்கிவிட்டன என்று நினைத்தேன். "வேணாம்மா, விழுந்துடுவ!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுடா, ஆத்தா ஆசைப்படுது. நான் சொன்னா காசுகூடக் கேக்க மாட்டான்" என்று போலீஸ்காரர் பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டார். அம்மா அவனை விட்டு, கடைசியில் கம்பளி போர்த்தி நின்ற தாடிக்காரரைக் கைகாட்டினார். அவர் தலைகுனிந்தபடியே வந்தார். தூக்கை வாங்கிக்கொண்டார். அம்மா கால் வைத்து ஏறுவதற்குக் கையைக் கோத்து நீட்டினார். அப்போதுதான் குரங்குக் குல்லாவுக்குள் இருந்த கண்களைப் பார்த்தேன்.

"மாமா!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பளாரென்று கன்னத்தில் விழுந்தது அறை.

"யாரைப் பாத்துடா மாமாங்கிற? மேல வாந்தியெடுத்தப்பகூடப் பொறுத்துக்கிட்டேனே!"

போலீஸ்காரர்களை முதுகுக்குப் பின்னால் பையன்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அது அவருக்கும் தெரிந்திருந்தது. "மன்னிச்சுக்குங்க" என்று அழுதேன். அதற்குள் குதிரை நகர்ந்துவிட்டது. பெற்ற பிள்ளை அடி வாங்கும்போது அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வளைவு வரை போய்த் திரும்பியது குதிரை. அவ்வளவுதான். போலீஸ்காரர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, மத்தியான பஸ்ஸில் தாமே ஏற்றிவிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி கண்டு மாமா அந்த மலையிலேயே போய்ச் சேர்ந்தார். வழக்கு அதற்கப்புறம் தள்ளுபடியானது.

வெகுநாள் கழித்து, குதிரைமேல் இருந்தபோது மாமா என்ன பேசினார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எங்கடா பேசுறது? அந்தக் குதிரை இப்படியும் அப்படியும் ஆடுது. நான் அய்யோ அம்மான்னு கத்திக்கிட்டே இருந்தேன். அவன் 'பயப்படாதக்கா, பயப்படாதக்கா'ன்னு சொல்லிக்கிட்டே வந்தான். அதுக்குள்ள எறக்கி விட்டுட்டாங்க."

சொல்லிவிட்டு அம்மாதான் முதலில் சிரித்தார்.

இன்றும் எங்கள் வீட்டில் ஊசிக்கு அழும் பேரனுக்கும், பல் பிடுங்கப் போகும் எனக்கும் சொல்வது ஒன்றே: "பயப்படாதக்கா." ஆண்பிள்ளைகளுக்கும் அக்காதான். புதிதாக வந்த மருமகள் காரணம் கேட்டாள். நான் அறை வாங்கிய கதையை மட்டும் சொன்னேன்.