அகராதிக்காரன் வீட்டுக் கல்யாணம்

பொய் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தியவர்கள் உலகத்தில் ஏராளம். முழுக்க முழுக்க உண்மையை மட்டும் சொல்லி, அதுவும் யார் சொன்னது, எங்கே சொன்னது, என்றைக்குச் சொன்னது என்ற விவரங்களோடு, சொந்த அக்காவின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, வடசென்னைப் பேச்சுக்கு அகராதி தயாரிக்கும் ஒரு திட்டத்தில் தற்காலிக உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதுதான் என்னிடமிருந்த ஒரே தகுதி. சேர்ந்த மறுவாரமே ராயபுரத்தை ஏதோ அயல்நாடு மாதிரிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டால் கை கழுவுவதற்கு முன் நோட்டை எடுப்பேன். ("துன்ன வரியா, இல்ல எய்திகினே கீறியா?" என்று அம்மா கத்துவாள். அதையும் எழுதிக்கொள்வேன்.)

எங்கள் திட்டத் தலைவர் கறாரான மனிதர். "ரிக்கார்டர் ஓடுவது தெரிந்தால் ஜனங்கள் வானொலி மாதிரிப் பேசுவார்கள். அவர்கள் அதை மறக்கும்வரை ஓடவிடு" என்பார். எனவே அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மீன் கழுவும் இடத்தில், குழாயடியில், ரயில்வே பிளாட்பாரத்தில், எங்கள் வீட்டு அடுப்படியில்கூட வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பிறகு உட்கார்ந்து கேட்டு, வாக்கியத்துக்கு ஓர் அட்டை எழுத வேண்டும். அட்டையில் வாக்கியம், அதில் நாம் கவனிக்க வேண்டிய சொல், இடம், தேதி, பேசியவரின் எண் (ராயபுரத்து ஆள் என்றால் முன்னால் 'ஆர்'). எந்த எண் யாருடையது என்பதற்குக் கடைசியில் தனிப் பட்டியல்; எங்கள் பக்கத்து ஆட்களைக் குரலை வைத்தே சொல்லிவிடுவேன்.

இப்படி ஆயிரக்கணக்கில் அட்டை எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி வரும். வாக்கியத்துக்குப் பொருள் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தெருவில் ஒருத்தி இன்னொருத்தியைக் கிழித்துத் தோரணம் கட்டினால், எனக்கு அதில் ஓர் அபூர்வமான வினைச்சொல் கிடைத்த சந்தோஷம் மட்டும்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் பிலோமினா அக்காவுக்கு இடம் அமைந்தது. திருவொற்றியூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு இடம் பேசி, இரண்டும் கைநழுவிப் போயிருந்தன. இருபத்தெட்டு வயது என்பதை அம்மா வெளியே இருபத்தைந்து என்றே சொல்லிவந்தாள். மாப்பிள்ளை ஜேம்ஸ் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய அப்பா செபஸ்தி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அம்மா ரெஜினா எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தவர். அக்கா இந்தச் சம்பந்தத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு தரம் மட்டும், "யாரோ பாவம் பாத்து சொல்லி வுட்டுக்கிறாங்க போல" என்றாள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. (வருத்தப்பட்டுக்கொண்டே 'வுட்டுக்கிறாங்க'வைக் குறித்துக்கொண்டேன். மறைப்பானேன்?)

கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு பூசையில் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று சாமியார் (பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அறிவிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. அந்த வாரம்தான் கம்ப்யூட்டர் என் வாழ்க்கைக்குள் வந்தது.

நகரின் இன்னொரு கோடியில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்த அந்த யந்திரத்துக்கு எங்கள் அட்டைகளை இங்கிலீஷ் எழுத்தில் துளை போட்டுக் கொடுத்திருந்தோம். அது ஒவ்வொரு சொல்லையும் அகரவரிசையில் எடுத்து, அந்தச் சொல் வரும் வாக்கியங்களை எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் அச்சடித்துத் தந்துவிட்டது. மனிதன் செய்தால் இரண்டு வருஷம். நான் அந்தக் காகித மூட்டையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

யந்திரத்துக்கு எது வினை, எது பெயர், எது பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் என்றெல்லாம் தெரியாது. எல்லாம் அதற்குச் சொல்தான். ஆக, ராயபுரத்தில் யாரைப் பற்றி யார் என்ன பேசினாலும் அது ஆள் வாரியாக ஒரே பக்கத்தில் சேர்ந்திருந்தது.

வீட்டுக்குச் சம்பந்தி வந்திருந்தார்கள். அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் மூட்டையைக் கூடத்தில் விரித்தேன்.

"இன்னா நைனா இது?" என்றார் ரெஜினாம்மா.

"நம்ம ஜனங்க பேசறது எல்லாம் இதுல இருக்கும்மா. உங்க பேர்கூட இருக்கு" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ரெஜினாம்மா முகம் மலர்ந்தது. கப்பல் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்து பழகியிருந்த செபஸ்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கு வாக்கியம் முடிந்த பிறகுதான் அர்த்தம் புரியும்.

"ரெ-ஜி-னா... வூட்டு... மீன் கொழம்புல... மீனு நீந்திகினே கீது... கைக்கு ஆப்டாது" என்று கணீரென்று வாசித்து முடித்தார்.



"யாரு சொன்னது?" என்றார் ரெஜினாம்மா.

"ஆர் பதினாலுன்னு போட்டுகீது" என்றார் செபஸ்தி.

"அது யாரு?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் முறையில் எந்தத் தகவலும் தொலைந்துபோகாது என்பதில் எனக்கு அபாரமான பெருமை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துத் தேடி, "பதினாலு... அம்மா" என்றேன்.

அம்மா காபித் தம்ளரை அப்படியே தரையில் வைத்தாள். ரெஜினாம்மா எழுந்தார். மூட்டையையும் எடுத்துக்கொண்டார். "இது சாமியார்கிட்ட போவுது" என்று சொல்லிவிட்டு, தடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். அக்கா கதவருகில் நின்றிருந்தாள். தரையிலிருந்த தம்ளரை எடுத்துக் கழுவப் போனாள். அந்த வாரம் முழுக்க நான் ஓர் அட்டைகூட எழுதவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் பங்களாவுக்கு இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசை மேல் என் மூட்டை. ஜேம்ஸ் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"நான் இதை முழுக்கப் படித்தேன்" என்றார் சாமியார். "ரெஜினா, உன்னைப் பற்றி இவர்கள் பேசியது ஆறு வாக்கியம். இவர்களைப் பற்றி நீ பேசியது ஒன்பது. வாசிக்கட்டுமா?"

"வோணாம் சாமி" என்றார் ரெஜினாம்மா.

"சாமியார் என்ற சொல்லுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது." அவர் ஒரு தாளை எடுத்தார். "'சாமியாரு பிரசங்கம் ஆரம்பிச்சா நான் ஒரு தூக்கம் போட்டு ஏந்துருவேன், அப்பவும் முடிஞ்சிருக்காது.' யார் சொன்னது என்று பட்டியலில் பார்த்தேன். செபஸ்தி, நிமிர்ந்து பார்."

செபஸ்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இதில் தடை என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாய்தான் தெரிகிறது" என்ற சாமியார் அக்காவைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?"

அக்கா மேசைக்கு வந்து தன் பெயர் இருந்த பக்கத்தைத் தேடினாள். பெரும்பாலும் அம்மாவின் புலம்பல். ஒரு வரியில் விரல் நின்றது. ராயபுரம் ஸ்டேஷன் பிளாட்பாரம். பெட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போன நாள். 'பிலோமினா ஏறாத வண்டில நான் ஏற மாட்டேன், ஃபோர்மேன் கத்திகினே கெடக்கட்டும்.' பேசியவர் எண் முப்பத்தொன்று. 'கெடக்கட்டும்' கிடைத்த மகிழ்ச்சியில் நான் அதில் வேறெதையும் பார்த்திருக்கவில்லை.

அக்கா பட்டியலைப் பார்த்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். பெண் கேட்டு வருவதற்கு எட்டு மாதம் முந்தைய தேதி.

"நீங்களே கேட்டுத்தான் வந்தீங்களா?" என்றாள்.

ஜேம்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பின்ன?" என்றார்.

அக்கா அந்தத் தாளை மட்டும் மடிப்பு ஓரமாகக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அரசாங்கச் சொத்து என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "நாளைக்கு ஓலைய வாசிச்சிடுங்க சாமி" என்றாள் அக்கா.

வாசித்தார். அன்றைய பிரசங்கம் எட்டே நிமிஷம். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை பத்து நிமிஷத்தைத் தாண்டவில்லை என்பதால், கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எனக்கு இன்னும் கடன்பட்டவர்கள்.

திட்டத் தலைவர் விஷயம் கேள்விப்பட்டு, எல்லா ஆள் பெயர்களையும் அடித்துவிட்டு 'ஒருத்தி', 'ஒருத்தன்' என்று போடச் சொன்னார். ஒரு பக்கம் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, கறையான் என்றேன். என் தொழில் வாழ்க்கையில் ஆதாரமில்லாமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அது.

குடும்பத்தில் மட்டும் எனக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் யாரைப் பற்றியாவது நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால், முதலில் என்னைக் காபிப்பொடி வாங்க அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பெண் பார்த்தபோதும் அப்படித்தான். அம்மா, அக்கா, ஜேம்ஸ், ரெஜினாம்மா எல்லோரும் கூடத்தில் கூடியிருந்தார்கள். நான் கால் கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினேன். தேதி குறித்திருந்தார்கள். பெண் யார் என்று கேட்டேன். "ஓலை வாசிப்பாங்க இல்ல, அப்ப எய்திக்கோ" என்றார் ரெஜினாம்மா.