மோட்டாருக்கு அடியில் இருந்த உரல்

புத்திசாலி என்று நாலு பேர் சொல்லக் கேட்டால் மனுஷன் கெட்டுப்போவான். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. நானே சொல்லிக்கொண்டு கெட்டேன்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்கள். உத்தமபாளையத்துக்கு அப்போதுதான் கரண்டுக் கம்பி வந்திருந்தது. மதுரைக்குப் போய் ஒரு மோட்டாரும் மாவு மில்லும் வாங்கிவந்து வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டத்தில் இறக்கினேன். (மாடுகள் வேப்பமரத்தடிக்குப் போயின. அன்றே அவை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தன.) மோட்டார் ஆடாமல் நிற்க அடியில் கனமாக ஏதாவது வேண்டும் என்றார்கள். என் கண்ணில் பட்டது ஆத்தாவின் கல் உரல். அதைக் கவிழ்த்துப் புதைத்து, சுற்றிலும் சிமெண்டு போட்டு, மேலே மோட்டாரை வைத்துத் திருகாணி போட்டு இறுக்கினேன்.

"ஏலே, நல்ல காரியத்துக்கு உரலு வேணாமா?" என்றாள் ஆத்தா.

"இனி உரலுக்கு என்ன ஆத்தா வேலை?" என்றேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

மில் திறப்புக்கும், கம்பத்திலிருந்த என் மாமா மகள் தங்கத்துக்கும் எனக்கும் நிச்சய வெற்றிலை மாற்றவும் ஒரே நாளைக் குறித்தேன். எங்கள் வழக்கத்தில் குலசாமிக்கு மாவிளக்கு வைத்த பிறகுதான் வெற்றிலை மாற்றுவது. அந்த மாவை மாப்பிள்ளை வீட்டில்தான் ஈர அரிசியில் அன்றன்றைக்கு இடிக்க வேண்டும். மில்லும் எங்கள் வீட்டுடையதுதானே என்று வாதாடி, தங்கத்தின் அம்மாவான அத்தையைச் சம்மதிக்க வைத்திருந்தேன்.

கம்பத்து உறவெல்லாம் கொட்டத்தில் கூடி நின்றது. சூடம் கொளுத்தி, அரிசியைக் கொட்டி, சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஒரு உறுமல் உறுமியது. ஒரு கைப்பிடி மாவு விழுந்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. அது ஆனிக் காற்று அடிக்கிற மாதம். மலைப்பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் எங்களுக்குக் கரண்டு போய்விடும். இது தெரிந்தும் அந்த மாதத்தில் நாள் குறித்த புண்ணியவான் நான்தான்.

"இப்ப வந்துரும் மாமா," என்றேன். வெயில் ஏறியது. கரண்டு வரவில்லை.

அரிசியை மோந்து பார்த்தாள் அத்தை. "இன்னும் செத்த நேரத்துல புளிச்சிரும். புளிச்ச அரிசியில மாவிளக்கு வச்சா வெத்தல மாத்த மாட்டோம். உரல எடுங்க, இடிச்சிருவோம். உரலு எங்கன இருக்கு?"

நான் மோட்டாரைப் பார்த்தேன். ஆத்தா என்னைப் பார்த்தாள்.

"இங்கனதான்... மோட்டாருக்கு அடியில," என்றேன்.

பக்கத்து வீட்டு உரலைக் கேட்கலாம் என்று மெல்ல இழுத்தேன். "எம்மக பக்கத்து வீட்டுக்கா வாக்கப்படுறா?" என்றாள் அத்தை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். கம்பத்துக்குக் கிளம்புகிறார் என்றே நினைத்தேன். தங்கத்தைச் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்கும். அந்த நிமிஷம் எனக்கு மில்லும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று தோன்றியது.

அப்போது பின்னாலிருந்து தங்கம் என் ஆத்தாவைக் கேட்டாள்: "உலக்கையாச்சும் வெளிய இருக்கா அத்த? இல்ல, அதையும் பொதைச்சிட்டாகளா?"

முதலில் சிரித்தது மாமாதான். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு கடப்பாரை கேட்டார். திறப்பு விழா காணாத மோட்டாரைக் கழற்றி வெளியே வைத்தோம். பட்டுச்சட்டையோடு நானே சிமெண்டை உடைத்தேன். உரலைக் கழுவி நிமிர்த்தி, மீதி அரிசியை ஆத்தா மேற்பார்க்க நானே இடித்தேன். கடைசிப் பிடி மாவைச் சலிக்கும்போது கொட்டத்து பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் வெற்றிலை மாற்றினோம். பிற்பாடு ஆயில் இஞ்சின் வாங்கிவைத்து மில்லையும் ஒருவழியாகப் பிழைக்க வைத்தேன். உரல் மட்டும் அத்தையின் உத்தரவுப்படி வீட்டு முற்றத்துக்குப் போய்விட்டது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டு வருகிறவர்களிடம் நிலம், உத்தியோகம் எல்லாம் விசாரித்த பிறகு, "ஒங்க வீட்டு உரலு எங்கன இருக்கு?" என்று தங்கம் கட்டாயம் கேட்பாள். போன மாதம் என் மகளைப் பார்க்க ஆண்டிபட்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். தங்கம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுந்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "உரலு முத்தத்துலதான் இருக்கு அத்த. மோட்டாருக்கு அடியில கல்லுதான் போட்டிருக்கோம்."

தங்கம் அந்த இடத்தையே மகளுக்குப் பேசி முடித்துவிட்டாள்.