காயட்டும் பெயிண்டரும் என் வெள்ளை ஜீப்பும்

புரட்டாசி மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை ஆறு ஐம்பது, தென்கிழக்கில் மூன்று மேகம். அந்த நேரத்தில்தான் என் பழைய ஜீப்பை மேற்குத் தாம்பரத்தில் 'காயட்டும்' கையில் ஒப்படைத்தேன். இந்த உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. பெயிண்டர். சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம். எதைக் கேட்டாலும் "காயட்டும் சார்" என்பார். மனைவி கோபித்துக்கொண்டு குரோம்பேட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போனபோதும் அதையேதான் சொன்னாராம். மூன்றாம் நாள் அந்த அம்மாளே திரும்பி வந்துவிட்டார்.

எனக்கோ இருபத்தாறு நாள்தான் இருந்தது. அதற்குள் ஜீப்பைப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் காயலான் கடை. இது சிறுசேரியில் வேலை பார்க்கும் என் மகனின் தீர்ப்பு.

"இந்தத் தடவை பாஸ் ஆகலைன்னா எடைக்குப் போட்டுடலாம்ப்பா. எவ்வளவு வரும்னுகூடக் கேட்டுட்டேன்."

எதையும் எண்ணிப் பார்க்கிற நான், அந்த ஒரு தொகையை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய பெயிண்டைச் சுரண்டியதும் ஓட்டைகள் வெளியே வந்தன. பதினேழு. ஓட்டுகிறவர் காலடியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு பூனை எட்டிப் பார்த்தது.

"என்னப்பா, தரையே இல்லையே?"

"இத்தினி நாளா கால் கீழ வுழாம வந்துகினு இருந்தியே, அத்த நெனச்சு சந்தோசப்படு சார்."

தகடு வைத்துப் பற்ற வைத்தார். பட்டி பூசினார். தண்ணீர் விட்டுத் தேய்த்தார். தேய்த்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு, ஜுரம் பார்ப்பதுபோல் உள்ளங்கையால் தடவுவார். மேடு தட்டுப்பட்டால் மறுபடி பட்டி. இடது மட்கார்டுக்கு மட்டும் ஐந்து முறை ஜுரம்.

இரும்பு வெறும் உடம்போடு நின்ற ஒன்பது நாளும் எனக்குத் தூக்கமில்லை. ஒரு மழை போதும், துரு மறுபடி கிளம்பிவிடும். ஒரு மத்தியானம் மழை வந்தேவிட்டது. குடையோடு ஓடினேன். தார்ப்பாய் பாதி ஜீப்புக்குத்தான் எட்டியிருந்தது. மீதிப் பாதியில் அவருடைய இரண்டு லுங்கியும் ஒரு போர்வையும், அவற்றின் மேல் ஒரு கட்சி பேனரும். காயட்டும் அரை டிராயரோடு மழையில் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளே வந்து நில்லுப்பா."

"எனக்கு இன்னா சார், துருவா புடிக்கப் போவுது?"

பிரைமர் அடித்த மறுநாள் ஆயுத பூஜை. நான் போய்ப் பார்த்தபோது பானட்டின் நடுவில் சந்தனம் குழைத்து, அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம் அப்பியிருந்தார்.

"பிரைமர் மேலேயா? கறை ஏறாதா?"

"சாமிக்கு வச்சது எப்டி சார் கறையாவும்?"

அன்று பிடித்துக்கொண்ட மழை விட்டதும் குங்குமத்தைத் துடைத்துவிட்டு வெள்ளை அடித்தார். பத்து நிமிடத்தில் பானட்டின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் எழுந்து வந்தது. அதன்மேல் இன்னொரு கோட் அடித்தார். வட்டம் இன்னும் அகலமாகி மேலே வந்தது. ஆர்.சி.யில் எழுதியிருந்த நிறம் வெள்ளை. கெடுவுக்கு இரண்டு நாள்.

"காயட்டும் சார்."

"காஞ்சா போயிடுமா?"

"போவாது. காஞ்சாத்தான் சுரண்ட முடியும்."

பானட்டைத் தகடு வரை சுரண்டி முதலிலிருந்து தொடங்கினார். அந்த இரண்டு நாளும் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

கடைசி கோட் அடித்தது சோதனை நாள் விடியற்காலையில். பானட் இன்னும் விரலில் ஒட்டும் பதம். நான் ஓட்ட, தட்டான் பூச்சிகள் வந்து ஒட்டாமலிருக்க அவர் ஜீப்பில் எழுந்து நின்று துண்டை வீசிக்கொண்டே வந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பக்கத்துப் பேருந்திலிருந்து ஒருவர், "அண்ணே, எந்தக் கட்சி?" என்று கேட்டார். காயட்டும் அவருக்குக் கும்பிடு போட்டார்.

போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் ஜீப்பை ஒரு சுற்று வந்தார். சேசிஸ் எண்ணைக் குனிந்து பார்ப்பதற்காகப் பானட்டில் ஊன்றக் கையை நீட்டினார். காயட்டும் பாய்ந்து தன் கையை நடுவில் கொடுத்தார். ஆய்வாளரின் கை அவர் கைமேல் இருந்தது. அவர் கை பெயிண்டில் இருந்தது.

"யாருய்யா நீ?"

"பெயிண்டர் சார். பெயிண்ட் ஈரமா கீது, உங்க கையில பட்டுடும்."

"உன் கையில படலையா?"

"இது எப்பவும் இப்டித்தான் சார் இருக்கும்."

ஆய்வாளர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பானட்டில் ஐந்து விரலும் அப்படியே பதிந்துவிட்டன. காசு வேண்டாம், தேய்த்து எடுத்துத் தருகிறேன் என்று அவர் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். மூன்று முறையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த மூன்று டீயையும் சேர்த்து, ஜீப்புக்கு ஆன மொத்தச் செலவு எழுபத்து மூவாயிரத்து நானூற்று அறுபத்தைந்து ரூபாய்.