மாண்புமிகு கூட்டுக் காவலர் அவர்கள் வருகை தருகிறார்கள்

இந்த ஒரு தையலை மட்டும் விட்டுவைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? இலையின் அடிப்பக்கத்தில் அல்லவா இருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். அதிகாரிகள் குனிவதில்லை.

பொன்னூசி இப்படித்தான் நினைத்தாள். அவள் ஒரு தையல்சிட்டு. நந்தியாவட்டைச் செடியின் இரண்டு இலைகளைச் சேர்த்துச் சிலந்தி நூலால் தைத்து, உள்ளே பஞ்சு பரப்பி, மூன்று குஞ்சுகளை வைத்திருந்தாள். மொத்தம் பதினோரு தையல். அவற்றை இப்போது தன் அலகாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நண்பகலுக்குள் எல்லாக் கூடுகளும் மேலே திறந்திருக்க வேண்டும் என்பது ஆணை.

ஒரு வீட்டின் பின்னால், கிணற்றுக்கும் துவைகல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே முடிந்துவிடுகிற தேசம் அது. புழக்கடை நாடு என்று பெயர். குடிகள் எல்லாரும் உள்ளங்கையில் அடங்குகிறவர்கள். வானத்தில் வல்லூறு என்று ஒன்று உண்டு என்பது அங்கே குஞ்சுகளுக்குக் கண் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். அதை எதிர்க்க நாட்டில் படையோ கோட்டையோ கிடையாது. ஒரே ஒரு சொல் இருந்தது. 'கிர்'. முதலில் பார்த்தவர் அதைச் சொல்ல வேண்டும். கேட்டவர் எல்லாரும், ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட, செய்த வேலையைப் போட்டுவிட்டு மேலே எழும்ப வேண்டும். துணிக்கொடிக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் கருவாலன் முன்னால் பாய்வான். மற்றவர்கள் பின்னாலிருந்து கத்தித் தீர்ப்பார்கள். வல்லூறு தலையில் நாலு கொத்து வாங்கிக்கொண்டு, ஏதோ வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு போய்விடும்.

பிறகு, கூடுகளைக் காக்கும் பதவிக்குத் தேர்தல் வந்தது. குயில்கள் அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகின்றன என்பதே அந்த ஆண்டு முழுக்கப் பேச்சு. அப்படி எத்தனை முட்டை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வல்லூறு முருங்கைக் கிளையில் நின்று ஒரே வாக்கியம் பேசியது: "அந்நிய முட்டையை அடையாளம் காணும் கண் என்னிடம் இருக்கிறது." அதன் கண்ணைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. பொன்னூசியும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டாள். குயிலின் மேல் இருந்த பயம் புதியது. வல்லூறின் மேல் இருந்த பயம் பழகிப்போயிருந்தது. பழகியதைத் தேர்ந்தெடுத்தேன் என்று பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது சமாதானமாக இல்லை.

வல்லூறு பதவியேற்ற மறுநாள், அறிவிப்பு அதிகாரி மைனா மஞ்சமூக்கர் துவைகல்லின் மேல் ஏறி வாசித்தார்: "நாட்டின் கூட்டுக் காவலரைக் 'கிர்' என்று குறிப்பிடுவது பண்பாட்டுக்கு உகந்ததன்று. இனி, 'மாண்புமிகு கூட்டுக் காவலர் அவர்கள் வருகை தருகிறார்கள்' என்று முழுமையாக அறிவிக்க வேண்டும். அறிவிப்பு நிறைவுபெறும்வரை எவரும் எழும்பலாகாது."

"அம்புட்டையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது வந்துருமேய்யா," என்றாள் தவிட்டுக்குருவி தவிட்டம்மா.

"வந்துவிடுவார் என்று சொல்லுங்கள்."

"வந்துருவாருய்யா. அதத்தான் நானும் சொல்றேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாம் நாள், தவிட்டம்மா 'கூட்டுக் காவலர்' வரைக்கும் வந்திருந்தபோது அவளுடைய கடைக்குட்டி போய்விட்டது. 'அவர்கள்' என்று சொல்லாமல் அலறியதற்காக அவளுக்குத் தண்ணீர்த் தொட்டி மறுக்கப்பட்டது. குடிகள் அந்த வாக்கியத்தை விரைவாகச் சொல்லப் பழகினார்கள். கிளைகளில் பயிற்சி நடந்தது. ஒரே மூச்சில் சொல்லி முடித்த தேன்சிட்டு ஒருத்தி பாராட்டுப் பெற்றாள். அவளுக்குக் கூடு கிடையாது.

அடுத்த ஆணைதான் கூரை. கூடுகள் மூடியிருந்தால் அந்நிய முட்டையை மேலிருந்து எப்படிக் காண்பது என்று மஞ்சமூக்கர் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது.

நண்பகலில் அவர் வந்து பார்த்தார். குனியவில்லை. அவருக்குப் பின்னால் நிழல் வந்தது.

"இவை யாருடைய குஞ்சுகள்?" என்றது வல்லூறு.

"என்னோடதுதாங்க ஐயா. மூணுமே."

"இது மற்ற இரண்டையும்விடப் பெரியதாக இருக்கிறதே."

"அவன் மூத்தவனுங்க. ஒரு நாள் முன்னாடி பொரிஞ்சவன்."

"மேல்விசாரணை தேவைப்படுகிறது," என்றது வல்லூறு.

அதன் கால் கூட்டுக்குள் இறங்கியதைப் பொன்னூசி பார்த்தாள். கத்த வாயைத் திறந்தாள். 'மாண்புமிகு' என்றுதான் வந்தது. யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டவில்லை. குஞ்சு மேலே போய்க்கொண்டிருக்கையில் அவள் நாக்கு தானாகவே அடுத்த சொல்லைத் தேடிப் போயிற்று. 'கூட்டுக் காவலர்.' அதற்குள் துணிக்கொடிக் கம்பத்திலிருந்து கருவாலன் கிர், கிர் என்று அலறியபடி தனியாக வல்லூறின் பின்னால் பறந்தான். நாலைந்து பேர் கிளையைவிட்டுச் சாண் உயரம் எழும்பி, அக்கம்பக்கம் பார்த்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள். குஞ்சு தானே விரும்பி உடன் சென்றதாகப் பதிவு செய்யப்பட்டது.

அன்று முழுக்க அவள் தன் வாயையே வெறுத்தாள்.

மறுநாள் காலை மஞ்சமூக்கர் வந்தார். அலகில் ஒரு சுருள் சிலந்தி நூல். அதைக் கிளையில் வைத்தார்.

"உங்கள் இலையின் அடியில் ஒரு தையல் பிரிக்கப்படாமல் இருக்கிறது."

"நீங்க குனிஞ்சு பாக்கலையே ஐயா."

"தவிட்டம்மா பார்த்தார். இன்று அவருக்குத் தண்ணீர் கிடைத்தது."

பொன்னூசிக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் குடித்தாளா என்று கேட்க வேண்டும்போல்தான் இருந்தது.

"அரசு இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை," என்று மஞ்சமூக்கர் குரலைத் தாழ்த்தினார். "பழைய சொல்லைச் சில அலகுகள் இன்னும் சொல்லுகின்றன. அவற்றைத் தைத்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. தைக்கத் தெரிந்தவர் நாட்டில் நீங்கள் ஒருவர்தான். சம்மதித்தால் உங்கள் இலையைப் பழையபடி மூடிக்கொள்ளலாம், பதினோரு தையலும் போட்டு. மறுத்தால் இலையே இன்று கிள்ளப்படும்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு குஞ்சுகளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கண்கூட இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. பதினோரு தையல். ஒரு காலைப்பொழுது போதும்.

"யாரோட அலகை?"

"முதல்ல என்னோடதுதான், தங்கச்சி."

கருவாலன் செடியின் அந்தப் பக்கத்திலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தான். அவனை யாரும் பிடித்துக்கொண்டு வந்ததாகத் தெரியவில்லை.

"அண்ணே, நீங்களா?"

"நானாத்தான் வந்தேன். தானா வந்து தச்சுக்கிட்டா எங்க கூட்டைத் தொட மாட்டாங்களாம். உன் அண்ணி நேத்திலேருந்து எங்கூடப் பேசல." அவன் வாலைச் சரிசெய்துகொண்டான். "உம்புள்ளைக்காகக் கத்துனேன்ல? பாதி வழியில திரும்பிப் பாத்தேன். பின்னால ஒரு ஈ காக்கா இல்ல."

"நானும் வரல," என்றாள் பொன்னூசி.

"நீ வரலதான். அத நான் குத்திக் காட்டல. கேக்க ஆள் இல்லாத எடத்துல ஒருத்தன் கத்திக்கிட்டுக் கெடந்தா அவனப் பைத்தியம்னுதானே சொல்லுவாங்க? தச்சு விடு. ஓரத்துல மட்டும் சின்னதா இடம் விடு. புழு போனாப் போதும்."

அவனுக்குப் பின்னால் அவள் அப்போதுதான் பார்த்தாள். முருங்கைக் கிளை நெடுக வரிசை நின்றது. கொண்டைக்குருவிகள், சில்லைகள், வாழ்நாளில் ஒருமுறைகூடக் 'கிர்' என்று சொல்லாதவர்கள், பாராட்டு வாங்கிய அந்தத் தேன்சிட்டு. யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முன்னால் நிற்பவரை முந்தப் பார்த்துச் சிலர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கள், மக்களே கேட்கிறார்கள்," என்றார் மஞ்சமூக்கர். "தொடங்கலாமா?"

கருவாலன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினான். இவ்வளவு அருகில் அவனை அவள் பார்த்ததே இல்லை. அலகின் நுனியில் நேற்றைய சண்டையில் சிறு சில்லு பெயர்ந்துபோன இடம் தெரிந்தது.

பொன்னூசி நூல் சுருளை எடுத்தாள். வரிசை அசையாமல் பார்த்தது. அவள் அதைக் கொண்டுபோய் மஞ்சமூக்கரின் காலடியில் வைத்தாள்.

"எனக்கு இலையத் தைக்கத்தாங்க தெரியும்."

"அலகு இலையைவிட எளிதுதான் அம்மா."

"இருக்கலாங்க ஐயா. நான் தைக்கல."

மிகவும் மெதுவாகச் சொன்னதால், பதிவுக்காக இன்னொரு முறை சத்தமாகச் சொல்லும்படி மஞ்சமூக்கர் கேட்டுக்கொண்டார். அவள் திரும்பிப் போய், திறந்து கிடந்த கூட்டின் மேல் உட்கார்ந்து, சிறகுகளை எட்டியவரைக்கும் விரித்துக்கொண்டாள்.