சர்க்யூட்டில் அப்பாவின் விரல்

மற்றவர்களை எஞ்சினியரிங் படிக்க வைத்தது அவரவர் அப்பாவின் சம்பளம். என்னைத் தேற வைத்தது அப்பாவின் ஆள்காட்டி விரல்.

எண்பதுகளின் தொடக்கம். டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கடைசி வருட ப்ராஜெக்டாக அதிவேக ஆம்ப்ளிஃபையர் ஒன்றை நானே வடிவமைத்தேன். மெல்லிய சிக்னலை உருக்குலைக்காமல் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. (அதைத் தவிர எல்லாம் செய்தது.) வகுப்பில் ஒரே பெண் நான். "சின்னதா ஏதாவது செய்யேன்" என்ற பையன்களின் வாயை அடைக்கவே வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தேன். பாஸானால் சேரலாம் என்று ஒரு வேலை வேறு காத்திருந்தது.

சுவிட்சைப் போட்டால், சிக்னல் கொடுக்கும் முன்பே அது தானாகவே அலைகளை எழுப்பி ஆடத் தொடங்கிவிடும். ஆடுகிறது என்பதை வீட்டு ரேடியோ ஊளையிட்டுச் சொல்லும். ப்ராஜெக்டை இயக்கிக் காட்ட வேண்டிய வைவா தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, செய்தி கேட்கவிடாத எரிச்சலில் அப்பா வந்தார்.

"ஏட்டி, எது இப்படிக் கத்துது? இதுவா?" என்று என் சர்க்யூட்டில் இருந்த ஒரு டிரான்சிஸ்டரின் கம்பிக்காலைத் தொட்டார்.

ரேடியோவின் ஊளை கப்சிப்.

அவர் விரலை எடுத்ததும் ஊளை. நான் தொட்டேன், இன்னும் பலமாக ஊளை. (பதற்றத்தில் நான் தொட்டது பக்கத்துக் காலை என்பது பிறகுதான் தெரிந்தது.) அப்பா விரலில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். நாலு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவளின் முடிவு இது!

வைவா அன்று அப்பா கேஷுவல் லீவ் போட்டார். இஸ்திரி போட்ட சட்டையில் லேபுக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்தார். ஆஸிலாஸ்கோப் திரையில் அலை அழகாக நின்றது. கேள்வி கேட்க வந்த தேர்வாளர் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"யே கௌன் ஹை?"

"என் அப்பா, சார்."

"ஹாத் ஹடாயியே."

அப்பா கையை எடுக்கவில்லை. "நஹி சாப், கராப் ஹோ ஜாயேகா." எடுத்தால் கெட்டுப்போகுமாம். பிறகு என்னிடம், "ஏட்டி, மூக்கு அரிக்குது. சீக்கிரம் பேசி முடி."

சொல்லி முடிப்பதற்குள் தும்மிவிட்டார். விரல் நழுவ, திரை முழுக்கக் கன்னாபின்னாவென்று கோடுகள். தேர்வாளர் குனிந்து, அதே காலில் தன் விரலை வைத்தார். அலை மறுபடி அழகாக நின்றது.

"அப்போ யாரு வச்சாலும் நிக்குமா?" அப்பாவின் முகம் வாடிவிட்டது.

தேர்வாளர் உளுத்தம்பருப்பு அளவில் ஒரு கெபாசிட்டரை அங்கே பற்றவைத்தார். அப்பாவின் விரல் பார்த்தது அந்தப் பருப்பின் வேலையைத்தான். "சர்க்யூட் படத்தில் உன் அப்பாவை எங்கே காணோம்?" என்று சிரித்தபடியே, போனால் போகிறதென்று பாஸ் போட்டார்.

பஸ்ஸில் அவமானம் தாங்காமல் அழுதேன்.

"எதுக்கு அழுத? அந்த ஆளுக்கு இடத்தக் காட்டுனது யாரு? நான்லா!" என்றார் அப்பா.

அன்றிலிருந்து டிவி ஆடினாலும் மிக்ஸி நின்றாலும் அம்மா, "ஒங்கப்பாவ வெரல வைக்கச் சொல்லு" என்பாள். போன வாரம் வீடியோ காலில் படம் உறைந்துவிட்டது. தொண்ணூறை நெருங்கும் அப்பா தன் ஃபோனில் விரலை வைத்தார் போலும். படம் வந்துவிட்டது.

"எடுக்கட்டுமாட்டி?"

"வேண்டாம்ப்பா. அப்படியே வச்சிருங்க."