முனியாண்டி ஓட்டிய பத்துச் சக்கர லோரி

லோரி வாங்குவதற்கு முன், அதை ஓட்டும் லைசென்ஸ் நம்மிடம் இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலிகளின் வழக்கம். எனக்கும் அந்தக் கூட்டத்துக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை.

பாயான் பாருவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், இனி கல்லும் மணலும் ஏற்றிப் பிழைப்பது என்று முடிவுசெய்தேன். "சின்ன லோரி எடுங்கண்ணே. கையில இருக்குற காடி லைசென்சோட ஒரு சின்ன கோர்ஸ் போதும்லா" என்று புரோக்கர் தம்பி தலைபாடாக அடித்துக்கொண்டான். என் கண்ணோ மூலையில் நின்ற பழைய பத்துச் சக்கரத்தின் மேல். (சின்ன லோரியில் ஏறினால் என் கம்பீரம் என்னாவது?) சேமிப்பு முழுவதும் அதற்குள் போனது.

கனரக லைசென்ஸ் பரீட்சையில் ரிவர்ஸ் எடுக்கும் போதெல்லாம், நட்டு வைத்த கம்பங்களைப் படுக்கவைத்துவிட்டு வந்தேன். சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் லோரி ஓட்ட ஆளில்லாமல் நின்றது. தொழிற்சாலை மூடும் நாளும் நெருங்கியது.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம். வேலை முடிந்து வந்து லோரியின் முன்தகட்டில் கை வைத்தேன். சுட்டது. அடியிலிருந்து 'டிக்... டிக்...' என்று மெல்லிய சத்தம். என் சாவி என் பையில் இருந்தது. இன்னொன்று சாமி அறையில், முனியாண்டி படத்துக்கு முன்னால். கதவைத் திறந்து ஏறினேன். இருக்கை முன்னால் இழுக்கப்பட்டு, முட்டி ஸ்டீரிங்கில் இடித்தது. பக்கக் கண்ணாடிகள் கீழே சாய்ந்திருந்தன. உள்ளே மல்லிகை வாசம்.

மறுநாள் சேற்றில் புதிய சக்கரத் தடங்கள். லோரி எங்கோ போய்விட்டு, அதே இடத்துக்குப் பின்பக்கமாகவே திரும்பியிருந்தது, கோடு போட்ட மாதிரி நேராக. அவ்வளவு நேராக ரிவர்ஸ் எடுக்க மனிதனால் முடியாது என்பது என் சொந்த அனுபவம். அப்படியானால் ஓட்டுவது யார்? சாவியைக் காவல் காப்பவர்தான்.

மனைவி சாந்தியிடம் சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"சாமி காரியம்லா. வெளிய யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க."

ஸ்டீரிங்குக்கு முன்னால் ஒரு சுருட்டும் ஒரு டின் பீரும் வைத்துக் கும்பிட்டேன். மறுநாள் மாலை சுருட்டைக் காணோம். டின் காலி. சாமி படையலை ஏற்றுக்கொண்டால் சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் இருட்டும் வேளையில் தனியாக நின்று காலி டின்னை ஆட்டிப் பார்த்ததில்லை. விற்றுவிடுவது என்று தீர்மானித்தேன்.

அரை நாள் லீவு போட்டு, புரோக்கர் தம்பியை அழைத்துக்கொண்டு போனேன். மழை இறங்கப்போகும் மத்தியானம். நிலமே இருண்டு கிடந்தது. லோரி எங்களை நோக்கிப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பக்கக் கண்ணாடியில் ஓட்டுகிறவர் முகம் தெரியவேண்டிய இடத்தில் யாருமே இல்லை.

தம்பி மோட்டார் சைக்கிளைத் திருப்பிப் பறந்துவிட்டான். நான் சேற்றில் மண்டி போட்டேன்.

"முனியாண்டி! லோரிய நீயே வெச்சுக்க சாமி, என்ன விட்டுரு!"

கைக்கெட்டும் தூரத்தில் லோரி நின்று, 'ஸ்ஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டது. கதவு திறந்தது. முதலில் எங்கள் வீட்டு சோபா மெத்தை ஒன்று விழுந்தது. பிறகு, தலையில் மல்லிகைப் பூவோடு சாந்தி இறங்கினாள். (ஐந்தடிக்கும் குறைவு. மெத்தை போட்டும் கண்ணாடிக்கு எட்டவில்லை.)

"ஏங்க, கோஸ்தான் எடுக்கறப்ப பின்னாலயா நிப்பாங்க? நாளைக்கு எனக்கு டெஸ்ட்லா!"

சேற்றிலிருந்து எழுந்தேன். அவளே சொன்னாள்: "லோரி இங்கயே துருப்பிடிச்சா நாம என்னத்த சாப்புடறது? அதான் நீங்க வேலைக்குப் போனதும் நானே கிளாசுக்குப் போயி, இங்க வந்து ஓட்டிப் பாத்தேன்."

எனக்கு அழுகை வந்தது. மழை என்று சமாளித்தேன். அது இன்னும் பெய்யவே தொடங்கியிருக்கவில்லை.

"அப்ப சுருட்டு?"

"நாத்தம். தூக்கிப் போட்டேன்."

"பீரு?"

"முடிக்குத் தடவுனேன். பளபளன்னு இல்ல?"

மறுநாள் பரீட்சையில் கம்பங்கள் எல்லாம் நின்றபடியே நின்றன. இன்று சாந்திதான் ஓட்டுகிறாள். நான் அவளுக்குக் கெலிண்டான், லோரி எடுபிடி: கித்தான் கட்டுவேன், கல் வைத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பேன், பின்னால் நிற்கவே மாட்டேன்.

ஜார்ஜ் டவுனில் மைத்துனர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், அவர் தங்கையைப் பார்த்துத்தான் முதலில் கேட்பார்: "முனியாண்டிக்கு என்னா வேணும், சுருட்டா, பீரா?"

சாந்தி என்னைக் காட்டுவாள். "மொதல்ல கெலிண்டானுக்குச் சோறு போடுங்கண்ணே. பயந்த ஒடம்பு."