இடமிருந்தால் மட்டும்

மஞ்சக்குட்டைக்குப் போகும் ஜீப்பில் உள்ளே இருபத்திரண்டு பேர். மேலே ஒன்பது பேர், ஒரு கூடை ஆரஞ்சு. ஆரஞ்சு சாமிக்கு. டிரைவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்காதீர்கள். சாமி அருளால் ஜீப் போனது.

1984 டிசம்பர். காப்பிப் பழம் பறிக்கும் நேரம். பறிக்க வேண்டிய கைகளெல்லாம் மஞ்சக்குட்டைக் களத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றன. கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்திருந்த முன்னறிவானந்த சாமி வாயிலிருந்து லிங்கம் எடுப்பது, கையில் விபூதி வரவழைப்பது போன்ற சில்லறை வேலைகளில் இறங்க மாட்டார். அவருடைய அற்புதமே வேறு. சேலத்திலிருந்து வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும் ‘ஞானப்பெட்டி’ வார இதழில், ‘தெரிந்துகொள்ளுங்கள்’ பகுதியில் என்ன வரும் என்பதைப் புதன்கிழமையே சொல்லிவிடுவார்!

“ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்!” என்பார். வெள்ளிக்கிழமை டீக்கடை அமீர் ஜான் இதழைப் பிரித்து உரக்கப் படிப்பார். மூன்று இதயமேதான்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஆக்டோபஸ் என்பது மிருகமா, காய்கறியா என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால்தான் பக்தி வருமா என்ன?

அச்சாகாத எழுத்தையே படிப்பவருக்குத் தலையெழுத்து எம்மாத்திரம்? நோய், கல்யாணம், காணாமல் போன மாடு, எல்லாவற்றுக்கும் சாமியிடம் கயிறு இருந்தது. தட்டு நிறைந்தது.

அந்தப் பகுதியை எழுதிய மேதை யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்தான். கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. மிச்ச நேரத்தில் உலகத்துக்கு அறிவு ஊட்டும் வேலை. வாரம் பன்னிரண்டு துணுக்கு. கையிலிருந்தது ஒரு பழைய பொது அறிவுப் புத்தகம். அதில் தொண்ணூறாம் பக்கத்துக்கு மேல் கரையான் தின்றுவிட்டது. அதற்கு மேல் என் கற்பனை. ‘படகோனியாவில் மீன்கள் ஞாயிற்றுக்கிழமை நீந்துவதில்லை’ என்று எழுதியவன் நான். சரிதானா என்று வாசகர் கேட்கவில்லை, ஆசிரியர் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

ஒரு திங்கட்கிழமை மாலை, எடை போடும் இடத்துக்கு அத்தாயி வந்தாள். எங்கள் எஸ்டேட்டில் பழம் பறிப்பவள். கண் சிவந்திருந்தது. அவள் புருஷன் சின்னையனை வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு வெறிநாய் கடித்திருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள். ஐந்து போட்டதும் சாமி, “போதும், விஷம் நாய்க்கே திரும்பிவிட்டது” என்று கயிறு கட்டிவிட்டார். சின்னையனைவிடச் சந்தோஷமான பக்தன் சேர்வராயன் மலையில் கிடையாது.

“ஏனுங்க ரைட்டரய்யா, அந்தச் சாமி சொல்றது நெசமுங்களா? மூணு நாளா ஊசிக்குப் போவ மாட்டேங்கறாருங்க. உட்டா உசுருக்கே ஆபத்துங்கறாங்க நர்சம்மா.”

“நானே ஆடிப்போயிட்டேன் அத்தாயி. மீன் சமாச்சாரம் நானா உட்ட புளுவு. அதையும் சாமி முந்திச் சொல்லிட்டாரே! அப்ப அது நெசமாத்தான் இருக்கும்போல.”

உள்ளே ஒன்றுமில்லாத பொக்குப் பழத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

“நீங்க புளுவுனத அவருஞ் சொன்னா, அவரும் புளுவறாருன்னுதானுங்க அர்த்தம்?”

பத்து வருஷம் பேனா பிடித்த எனக்கு இது தோன்றவில்லை.

“போன வாரம் ஒட்டகத்துக்கு மூணு இமைன்னு சொல்லிப்போட்டு, கண்ண மூடிட்டு ஒரு மந்தரஞ் சொன்னாருங்க. ‘இடமிருந்தால் மட்டும்’னு. ஊரே அதத்தான் செபிக்குது. இவரு தூக்கத்துலயும் அதேதானுங்க.”

அது மந்திரம் இல்லை. அச்சுக் கோப்பவருக்கு நான் எழுதிய குறிப்பு! திங்கட்கிழமைதோறும் அச்சகத்திலிருந்து பிழை திருத்தும் தாள் இரண்டு பிரதி வரும். பக்கத்தில் இடமிருந்தால் மட்டும் இந்தத் துணுக்கைப் போடு என்று ஓரத்தில் எழுதுவேன். அது அச்சில் வரவே வராது.

“அந்தத் தாளு எங்க போவுதுங்க?”

“ஒண்ணுல கிறுக்கிப் பாத்துட்டு, இன்னொண்ணுல அழகா எழுதிச் சேலத்துக்கு அனுப்பிருவேன்.”

“கிறுக்குனது?”

“அமீர் ஜான் கடைக்கு. பொட்டலம் மடிக்க. ரெண்டு போண்டா குடுப்பாரு.”

“அந்தத் தாள்ல போண்டா வாங்கறது ஆருங்க?”

சாமியின் சீடன் சென்றாயன். செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு போண்டா. ஆக, தேவ ரகசியத்தை இரண்டு போண்டாவுக்கு விற்றவன் நானே.

“இந்த வாரத் தாளு வந்துருச்சுங்களா? எடுங்க. கிறுக்கற தாளு ஓரத்துல மட்டும் நான் சொல்றத எழுதுங்க. காப்பியப் பத்தி.”

“காப்பியப் பத்தியா?”

“கீழ்நாட்டு ஆளுங்க. காப்பிய டம்ளர்லதான் பாத்திருப்பாரு.”

எழுதி, அந்தத் தாளை அமீர் ஜான் கடையில் கொடுத்தேன். புதன்கிழமை களத்தில் முந்நூறு பேர். சாமி கண்ணை மூடினார். உலகம் மூச்சை அடக்கியது.

“பழுத்து முற்றிய நல்ல காப்பிப் பழம் தண்ணீரில் மிதக்கும். பொக்குப் பழமே மூழ்கும். இடமிருந்தால் மட்டும்!”

“இடமிருந்தால் மட்டும்!” என்றது கூட்டம். அங்கே நின்ற அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து பழத்தைத் தண்ணீரில் கொட்டி, மூழ்கியதை எடுத்துக்கொண்டு, மிதந்ததை வழித்து எறிந்தவர்கள். பெரியவர் ஐயாக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஐயோ, அப்ப நாப்பது வருசமா நல்ல பழத்தையா தூர எறிஞ்சுபோட்டோம்?”

பார்த்தீர்களா? கை அறிந்ததைவிட, கண் மூடியவன் சொன்னது பெரிதாகிவிட்டது!

அத்தாயி ஒரு வாளித் தண்ணீரை நடுவில் வைத்து, மடியிலிருந்த பழத்தைக் கொட்டினாள். நல்ல பழம் கீழே போனது. பொக்கு மேலே வந்தது.

சாமி அசரவில்லை. “இது பாவத் தண்ணீர்.”

“அப்பிடீங்களா? உங்க தீர்த்தச் சொம்பக் குடுங்க சாமி.”

சொம்பிலும் பழம் மூழ்கியது. சாமி சென்றாயனை முறைத்தார். பாவம் சென்றாயன், நல்ல உழைப்பாளி, பழியைத் தாங்கமாட்டான்.

“என்னைய ஏன் சாமி முறைக்கறீங்க? போண்டாத் தாள்ல அப்பிடித்தான் போட்டிருந்துச்சு!”

அத்தாயி என் பக்கம் திரும்பினாள். ஓடிவிடலாமா என்று பார்த்தேன், சுற்றிலும் ஆள். முன்னால் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தாள், போண்டா, காப்பிப் பொய், கடைசியில் மீன்.

“அடப்பாவி ரைட்டரே!” என்று கூட்டத்திலிருந்து பெரியண்ணன் பாய்ந்தார். “ஞாயித்துக்கெழம மீனு ஓடாதுன்னு, நாலு வாரமா ஏரில கைய உட்டுட்டு நின்னனே!”

சாமிக்கு விழ வேண்டிய அடியில் பாதி எனக்கு விழுந்தது. நியாயம்தான். அந்த இடைவெளியில் சாமி ஜீப்புக்கு ஓடினார். டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு பணிவாகச் சொன்னார்: “இடமிருந்தால் மட்டுமுங்க சாமி.”

இடமில்லை. சாமி நடந்தே மலையிறங்கினார். ஜீப்பின் முன் சீட்டில், ஊசிக்குக் கிளம்பிய சின்னையன். கயிற்றை அத்தாயி ஏற்கெனவே அறுத்திருந்தாள்.

“இன்னும் ஒம்பது ஊசியா புள்ள?” என்றான் வயிற்றைப் பொத்திக்கொண்டு.

“நானும் கூட வர்றனுங்க. என் கையப் புடிச்சுக்கங்க.”

நர்சம்மா நன்றாகத் திட்டிவிட்டு, நடுவில் விட்டதால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். அடுத்த டிசம்பரில் சின்னையன் உயிரோடு, வயிற்றைத் தடவிக்கொண்டு, பழம் பறித்தான்.

இப்போது துணுக்கு எழுதுமுன் சேலத்து நூலகத்துக்கே போய்ப் பார்க்கிறேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் உண்மையாம். ஒட்டகத்தின் இமையும் உண்மையாம். மீன் மட்டும் எல்லாக் கிழமையும் நீந்துகிறது. ஆனாலும் அத்தாயி எடை போட வரும்போதெல்லாம் கேட்கிறாள்: “தண்ணீல போட்டுப் பாத்துட்டீங்களா ரைட்டரய்யா?”

உங்களிடமும் ஒரு வாளி இருக்கும், கழுத்துக்கு மேலே. சாமி சொன்னாலும், அச்சில் வந்தாலும், நானே எழுதினாலும் அதில் போட்டுப் பாருங்கள். வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கும்பிடாதீர்கள்.